கரடு காடாகும், வெஞ்சனம் வெஞ்சினமாகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு நாவல் எழுதுமா, எழுத்தாளர் பிழைப்பு போகுமா என்று நம் இதழில் நடக்கும் விவாதத்தில், மதுரைப் பக்கம் அன்றாடம் நடக்கிற ஒன்று விடுபட்டுவிட்டது. இங்கே சிறு பதிப்பாளர்கள் ஏஐயை வைத்து நாவல் எழுதுவதைவிட, பழைய நூல்களை மறுபதிப்பு செய்வதுதான் அதிகம். நாட்டுடைமையானவை, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கழிந்து உரிமை தீர்ந்தவை எல்லாம் இதில் வரும். பக்கங்களை ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் ஓசிஆர் மென்பொருளில் எழுத்தாக்கி, அதை அப்படியே சாட்ஜிபிடியிலோ ஜெமினியிலோ போட்டு ‘பிழை திருத்து’ என்கிறார்கள். வருவதைப் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் கொட்டி, நூறு பிரதி அச்சுக்கு அனுப்பினால் புத்தகம் தயார். மெய்ப்புப் பார்ப்பவருக்கு, அதாவது மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துபவருக்கு, இதில் இடமே இல்லை. கெடுவது அங்கேதான்.

பழைய அச்சில் ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் மயிரிழைதான் வித்தியாசம். ‘கரட்டில் மேய்ந்த ஆடு’ என்றிருப்பதை ஓசிஆர் ‘காட்டில் மேய்ந்த ஆடு’ என்று படித்துவிடும். அடுத்து வரும் ஏஐ அதைத் தொடாது. ஆடு காட்டில் மேய்ந்தால் அதற்கு என்ன சந்தேகம் வரப்போகிறது? கரடு என்றால் பாறை மண்டிய சிறு குன்று என்று தெரிந்த ஒருவர் மூலத்தோடு வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். ஓசிஆர் ஒழுங்காகப் படித்ததையும் ஏஐ சில நேரம் கெடுக்கும். ‘சோத்துக்கு வெஞ்சனம் இல்லை’ என்பது ‘சோற்றுக்கு வெஞ்சினம் இல்லை’ என்று திருந்தி வரும். தொட்டுக்கொள்ளக் கேட்டவருக்குக் கோபத்தைப் பரிமாறியாயிற்று! அங்கிட்டு ‘அங்கே’ ஆகிவிடும், கம்மாய் ‘ஏரி’ ஆகிவிடும். வட்டார வழக்குக் கதையில் இப்படி நாலு சொல் போனால் கதையே ஊர் மாறிவிடும்.

டிடிபியில் (கணினி அச்சுக்கோப்பில்) விரல் தவறினால் பிழை பிழையாகவே தெரியும், கண் அங்கே இடறும். ஏஐ விடும் பிழையோ அகராதியில் உள்ள நல்ல சொல்லாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்கிட்டு எழுதுவதுதான் அதன் இயல்பு. அரிய சொல் இருந்த இடத்தில் பழகிய சொல் வந்து நிற்பது அதனால்தான். நீளமான அத்தியாயத்தை ஒரேயடியாகக் கொடுத்தால் நடுவில் ஒரு பத்தி சத்தமில்லாமல் காணாமல் போவதும் உண்டு. அது சொற்களைத் துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கிறது. ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குத் துண்டுகள் அதிகம் என்பதால் அதன் கொள்ளளவு சீக்கிரம் நிரம்பிவிடும்.

இதற்காக ஏஐயை ஒதுக்கச் சொல்லவில்லை. வரிசை மாற வேண்டும். 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். தாள் மங்கியிருந்தால் 400. நூல் 1978க்கு முந்தியதென்றால் எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறிய 13 எழுத்துகளையும் (ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ) தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். துதிக்கை போட்ட பழைய ‘லை’, ‘னை’யில்தான் ஓசிஆர் அதிகம் தடுமாறும். தமிழ் எண்களும் அப்படித்தான்: ௧ ‘க’வாகவும், ௭ ‘எ’யாகவும் விழும். ‘ஔவை’ என்பது ஒ, ள என இரண்டு எழுத்தாகி ‘ஒளவை’ என்று வந்திருக்கும். தாளில் கண்ணுக்குத் தெரியாது. மின்னூலில் தேடினால் கிடைக்காது, பெயரகராதி வரிசையும் குலையும். கௌரி, கெளரி சிக்கலும் இதே வகை.

இதெல்லாம் முடிந்த பிறகு ஏஐயிடம் மூன்று நான்கு பக்கமாகக் கொடுக்கலாம். ‘திருத்தாதே, சந்தேகச் சொற்களைப் பட்டியலிடு’ என்று கேட்பது நல்லது. திருத்த விட்டிருந்தால் வேர்டில் இரு பிரதிகளையும் ஒப்பிடும் வசதியில் போட்டு, மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்கவோ தள்ளவோ வேண்டும். கடைசியில் ஒருவர் மூலத்தை வாய்விட்டு வாசிக்க, மற்றவர் படியைப் பார்க்கும் பழைய முறைக்கு இன்னும் மாற்று வரவில்லை. முன்னுரைக்கு ஏஐ எடுத்துக்கொடுக்கும் மேற்கோள்களை மூலநூலைத் திறந்து பார்க்காமல் சேர்க்கவே கூடாது. இல்லாத பாட்டுக்கும் அது எண் போட்டுத் தரும்.

அட்டைப் படத்துக்கு வருவோம். ஏஐ தரும் படம் 1024க்கு 1024 பிக்சல் என்றால், 300 டிபிஐயில் அது 3.4 அங்குலத்துக்குத்தான் தாங்கும். டெம்மி 1/8 அளவு (5.5க்கு 8.5 அங்குலம்) முன்னட்டைக்கு, வெட்டுக்கு விடும் 3 மில்லிமீட்டர் போக, 1650க்கு 2550 பிக்சல் வேண்டும். இழுத்துப் பெரிதாக்கினால் முகம் மெழுகுபோல் வழுக்கும். திரையில் மின்னும் நீலம், அச்சின் நான்கு மை வண்ண முறையான சிஎம்ஒய்கேயில் அழுக்கு நீலமாகத்தான் இறங்கும். தலைப்பை மட்டும் ஏஐ எழுத விடாதீர்கள். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

அமேசானின் சுயபதிப்புத் தளமான கேடிபி 2023 முதல், உரையோ படமோ மொழிபெயர்ப்போ ஏஐ உருவாக்கியதா என்று பதிப்பிப்பவரிடம் கேட்கிறது. வாசகருக்கு அந்தப் பதில் தெரிய வழியில்லை என்பது வேறு விஷயம். நம் நூலகக் கொள்முதல் விண்ணப்பத்திலும் அப்படி ஒரு கேள்வி இருக்கட்டும்: எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது, ஏஐ எந்தக் கட்டத்தில் தொட்டது, மூலத்தோடு ஒப்பிட்டவர் யார்? தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் மின்னூலாக்கி இலவசமாகத் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைத் திறந்தால், தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் தொடக்கத்திலேயே இருக்கும். கூலி வாங்காத தன்னார்வலர்கள் செய்ததை, விலை போட்டு விற்பவர்களும் நூல் விவரப் பக்கத்தில் செய்யலாம். அந்த வரி இல்லாத மறுபதிப்பைத் தமுக்கம் புத்தகத் திருவிழாவில் பார்த்தால், பணம் கொடுக்குமுன் நடுவில் நாலு பக்கம் படித்துப் பாருங்கள்.

— மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்,
சிம்மக்கல், மதுரை