இரவுப் பணி மருத்துவர்களுக்கு: ஸ்கேன் எழுதும் முன் பார்த்தவளைக் கேளுங்கள்

அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் மகளுக்குப் பதினான்காவது மாதத்தில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. கண் மேலே சொருகி, உதடு நீலம் பூத்து, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. அந்த உதறலில் கொலுசு ஒலித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பக்கத்து வீட்டு அத்தை இரும்புச் சாவியைக் கையில் திணித்தார். பல்லிடுக்கில் கரண்டி வைக்க வந்ததை மட்டும் எப்படியோ தடுத்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் இழுத்தது என்று மருத்துவமனையில் பொதுவாகக் கேட்டார்கள். கணவர் பத்து நிமிடம் என்றார், மாமியார் அரை மணி என்றார். அரை மணிதான் கேஸ் ஷீட்டில் ஏறியது. விடிவதற்குள் சி.டி. ஸ்கேன், மறுநாள் மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. என் கைப்பேசியிலேயே விடை இருந்தது. இழுக்கத் தொடங்கியதும் ஆட்டோக்காரரை அழைத்தது 1.42, அவர் வாசலுக்கு வந்து திரும்ப அழைத்தது 1.46. அதற்குள் அவள் வீறிட்டு அழத் தொடங்கியிருந்தாள்.

அடுத்த வாரம் நாங்கள் பார்த்த குழந்தை நல மருத்துவர் என்னைப் பேசவிட்டார். இரண்டு பக்கமும் இழுத்ததா, ஒரு பக்கம் மட்டுமா? 24 மணி நேரத்துக்குள் மறுபடி வந்ததா? தெளிந்ததும் உங்களை அடையாளம் தெரிந்ததா? கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் குழந்தைக்கு வெறும் குளிர் நடுக்கமாகவும் இருக்கலாம் என்றார். 15 நிமிடத்தைத் தாண்டாத, உடல் முழுக்க வந்த, ஒரே ஒரு வலிப்பு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை நூற்றில் 2 முதல் 5 குழந்தைகளுக்கு வருவது. இதற்கு ஸ்கேனும் இ.இ.ஜி.யும் வழக்கமாகத் தேவையில்லையாம்.

அவர் முகம் மாறியது ஒரே இடத்தில்தான். "அதற்கு முன் என்ன மருந்து கொடுத்தீர்கள்?" மருந்துக்கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப், இரண்டு நாள். மூளைக்காய்ச்சலாக இருந்திருந்தால் கழுத்து விறைப்பு போன்ற அடையாளங்களை அது மறைத்திருக்கக்கூடும். முதுகுத்தண்டு நீரைச் சோதிப்பதா என்று அன்றிரவே யோசித்திருக்க வேண்டும் என்றார். தேவையற்ற இரண்டு சோதனைகளுக்குப் பணம் கட்டிய எங்களிடம் இந்தக் கேள்வியை மட்டும் அங்கே யாரும் கேட்கவில்லை.

உங்கள் வாசலில் நிற்கும் கூட்டத்தை நானும் பார்த்தேன். இருந்தாலும், வலிப்பைக் கண்ணால் பார்த்தவர் யாரோ அவரைத் தனியே அழைத்து இரண்டு நிமிடம் கேளுங்கள். அனுப்பும்போது சீட்டில் தமிழில் எழுதிக் கொடுங்கள்: ஒருக்களித்துப் படுக்க வைக்கவும், வாயில் எதையும் வைக்க வேண்டாம், ஐந்து நிமிடம் தாண்டினால் 108. எங்கள் சீட்டில் பாராசிட்டமால் மட்டும்தான் இருந்தது. அது அடுத்த வலிப்பைத் தடுக்காது என்பது, நேரம் தவறாமல் கொடுத்தும் ஏழு மாதம் கழித்து மறுபடி கொலுசு ஒலித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இப்படிக்கு,
அந்தக் கொலுசுக்காரியின் அம்மா