குளத்துக் கம்பத்தில் இன்னொரு அன்ரெனாவும் வையுங்கள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் குளங்களுக்கு நீர்மட்டக் கருவியும் வெள்ளச் சைரனும் வாங்க இருக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

மண்டூர்ப் பக்கம் வயல் செய்கிற குடும்பம் எங்களுடையது. நான் ரேடியோக் கருவிகளோடு வேலை செய்கிறேன். கருவி வாங்குகிறவர்கள் முதலில் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். குளத்திலிருந்து சைரனுக்கு ரேடியோவில் போகும் செய்திக்கு அது தேவையே இல்லை. எந்த வான் கதவு, எத்தனை அடி, எத்தனை மணி: எல்லாம் 32 பைற்றுக்குள் அடங்கிவிடும். அது தவறாமல் போய்ச் சேருவதுதான் கஷ்டம்.

சின்னச் செய்திதானே, லேசாகப் போய்விடும் என்று தோன்றும். அப்படியில்லை. இரைச்சலுக்கு நடுவிலும் தவறில்லாமல் எவ்வளவு வேகமாக அனுப்பலாம் என்பதற்கு 1948இல் கணிதவியலாளர் ஷானன் ஓர் எல்லை காட்டினார். அதை எட்ட நீளமான செய்தி வேண்டும். நீளம் இருந்தால் நடுவில் கெட்டதை மிச்சத்திலிருந்து மீட்கலாம். செய்தி குறுகினால் எவ்வளவு இழக்கிறோம் என்பதை 2010இல் போலியான்ஸ்கி, பூர், வெர்டூ என்ற ஆய்வாளர்கள் மூவரும் கணக்கிட்டுக் காட்டினார்கள். சிக்னல் அடங்கிய கணத்தில் புறப்பட்டால் முழுச் செய்தியும் போச்சு.

சின்ன வயதில் கூரையேறி டிவி அன்ரெனாவைத் திருப்பியிருப்பீர்கள். "இன்னும் கொஞ்சம்... சரி, நில்!" என்று கீழேயிருந்து சத்தம் வரும். ஒரு சாண் நகர்ந்தாலே படம் தெளியும். நேரே வரும் அலையும் தெறித்து வரும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும், கொஞ்சம் தள்ளி ஒன்றுசேரும். ரேடியோ அலைக்கு வாவியோ பெரிய கண்ணாடி. வெள்ளம் ஏற ஏற, அலை அழியும் இடமும் கம்பத்தில் நகரும். வெயில் நாளில் நன்றாக வேலை செய்த அன்ரெனா, வெள்ளம் வரும் இரவில் சரியாக அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளலாம். கம்பம் அசையாது, திரும்பத் திரும்ப அனுப்பினாலும் அதே கதிதான்.

அதனால்தான் இரண்டாவது அன்ரெனா கேட்கிறேன். ஒன்று 10 தடவையில் 1 தவறுமென்றால், இரண்டும் சேர்ந்து தவறுவது 100இல் 1, நான்கு என்றால் 10,000இல் 1. ஒன்றையொன்று சாராமல் தவறினால்தான் இந்தக் கணக்கு. பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தால் சேர்ந்தே கெடும். தண்ணீர்மேல் போகும் மைக்ரோவேவ் இணைப்புகளுக்கு ஒரே கோபுரத்தில் மேலும் கீழுமாக அன்ரெனா வைப்பது பழைய வழக்கம். இங்கும் அப்படியே வையுங்கள்.

5ஜிக்கு வைத்த இலக்கு ஒன்று: 32 பைற் செய்தி 1 மில்லிசெக்கனுக்குள் போய்ச் சேர வேண்டும், லட்சத்துக்கு 1தான் தவறலாம். குளத்துக்குச் சில செக்கன் போதும். அந்த லட்சத்துக்கு ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காமல் விலைமனுக் கோரலில் எழுதுங்கள். சோதனையை மாரியில், வான் பாயும் நாளில் வையுங்கள். கம்பம் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.