ரிச்சர்ட் பார்க்கர் என்ற பெயர்

அன்புள்ள அக்கா,

வணக்கம். எழுத்தாளர் யான் மார்ட்டெலின் 'லைஃப் ஆஃப் பை' நாவலை என் கையில் கொடுத்தபோது, ஆபத்துக்குப் பாவமில்லை என்பதுதான் இதன் சாரம் என்று சொன்னீர்கள். நேற்றிரவு அதை இரண்டாம் முறை வாசித்து முடித்தேன். உங்கள் சொல்லை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. நேரில் பேசினால் வாக்குவாதமாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

1977 ஜூலையில் கப்பல் மூழ்கிய பின், புதுச்சேரியில் வளர்ந்த 16 வயது பை பட்டேல் ஒரு வங்கப் புலியோடு படகில் 227 நாட்கள் மிதந்த கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் வாசிப்பில் என்னைப் பிடித்துக்கொண்டது புலி அல்ல, அவன் முதன்முதலாக ஒரு பறக்கும் மீனைக் கொல்லும் இடம். சைவ உணவே உண்டு வளர்ந்த பிள்ளை அதன் கழுத்தை முறித்துவிட்டு விம்மி அழுகிறான். அதன் பிறகு அதிக நேரமாகவில்லை, ஒரு பெரிய டொராடோ மீனைக் கோடரியால் அடித்துக் கொல்லும்போது கண்ணில் நீரில்லை. பின்னர் ஆமையின் இரத்தத்தையே குடிக்கிறான். பசி வந்தால் பறந்துபோகும் பத்தில் தாளாண்மையையும் சேர்த்துச் சொல்வார்கள். இவனிடம் அது மட்டும் பறக்கவில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. கடல்நீரைக் குடிநீராக்குகிறான், நாள்தோறும் வேளை பிரித்துப் பிரார்த்திக்கிறான், விசில் ஊதிப் புலியைப் பழக்குகிறான்.

இரண்டாம் வாசிப்பில் மனம் வேறிடத்தில் சிக்கியது. மெக்சிகோவில் மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் அவனை விசாரிக்க வரும் ஜப்பானிய அதிகாரிகள் புலிக் கதையை நம்ப மறுக்க, விலங்குகளே இல்லாத இன்னொரு கதையைச் சொல்கிறான் அல்லவா? அதில் சமையல்காரன், காயம்பட்ட மாலுமி, தாய், மகன் ஆகிய நால்வரும் மனிதர்கள். சமையல்காரனைக் கொன்று தின்றவன் மகன், அதாவது புலியின் இடத்தில் நிற்பவன் பையே. எந்தக் கதை நன்றாக இருக்கிறது என்று அவன் கேட்கிறான். அந்தக் கேள்வியை நாவலின் உச்சம் என்று நீங்கள் கொண்டாடுவீர்கள்; எனக்கு அது கொஞ்சம் நழுவலாகவே படுகிறது.

புலியின் பெயரைக் கவனியுங்கள்: ரிச்சர்ட் பார்க்கர். குட்டியைப் பிடித்த வேட்டைக்காரனின் பெயர் எழுத்தரின் பிழையால் குட்டிக்கு வந்துவிட்டதாக நாவல் வேடிக்கையாகச் சொல்கிறது. ஆனால் ரிச்சர்ட் பார்க்கர் என்று உண்மையாகவே ஒரு சிறுவன் இருந்தான். 1884இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற 'மிக்னொனெட்' என்ற சிறு பாய்மரக் கப்பல் நடுக்கடலில் மூழ்கியபோது, மூன்று ஆண்களோடு படகில் ஏறிய 17 வயதுப் பையன் அவன். அவர்களிடம் இருந்தவை இரண்டு டப்பா டர்னிப் கிழங்கு. இடையில் ஓர் ஆமை அகப்பட்டது. கடல்நீரைக் குடித்து நினைவிழந்து கிடந்த அவனை, ஏறத்தாழ இருபதாம் நாளில், யார் சாவது என்று சீட்டுக்கூடப் போட்டுப் பார்க்காமல் கொன்று தின்றார்கள். சில நாட்களிலேயே ஒரு கப்பல் வந்து மற்ற மூவரையும் மீட்டது. கரையேறிய கேப்டன் டட்லி எதையும் மறைக்கவில்லை. கடலில் இது வழக்கம்தான் என்று நம்பினார். நீதிமன்றமோ, தன் உயிரைக் காக்கக் குற்றமற்ற இன்னோர் உயிரை எடுப்பதை எந்த நெருக்கடியும் நியாயப்படுத்தாது என்று சொல்லி, டட்லி உட்பட இருவருக்கு மரண தண்டனை விதித்தது. பின்னர் அது ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது.

தின்னப்பட்டவனின் பெயரை எடுத்துத் தின்கிற விலங்குக்குச் சூட்டியிருக்கிறார் மார்ட்டெல். இதை உணர்ந்த பிறகு என்னால் புலியைப் பழையபடி ரசிக்க முடியவில்லை. ஆபத்துக்குப் பாவமில்லை என்று சொல்பவர் எப்போதும் கரையேறியவராகவே இருக்கிறார். பைக்கு இரண்டு கதைகள் சொல்ல வாய்த்தது. அந்தப் பையனுக்கு ஒன்றுகூட வாய்க்கவில்லை. பையும் தன்னை விடுவித்துக்கொள்ளவில்லை, அக்கா. தனக்குள் தீமை இருந்தது, அதோடுதான் வாழ வேண்டும் என்று இரண்டாம் கதையில் அவனே ஒப்புக்கொள்கிறான். நீங்கள் அந்தப் பக்கத்தை விரைந்து கடந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதல் முறை நானும் அப்படித்தான் கடந்தேன்.

இன்னொரு செய்தி என்னை உறங்கவிடவில்லை. விசாரணைக்கு வந்த அந்தப் பையனின் அண்ணன், தம்பியைத் தின்ற மூவரோடும் நீதிமன்றத்தில் கைகுலுக்கினாராம். அவரும் ஒரு மாலுமி. அவருடைய இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் கை நீட்டியிருப்பீர்களா? எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி