டர்போ சியை லேப்பிலிருந்து விடுவியுங்கள்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரி, கடலூர் கல்லூரிகளின் கணினித் துறைத் தலைவர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம். உங்கள் லேப்பில் இன்னும் டாஸ்பாக்ஸுக்குள் (பழைய டாஸ் இயங்குதளத்தைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள்) டர்போ சி++ 3.0 என்ற பழைய கம்பைலர் ஓடுகிறது என்றால், இந்த மடல் உங்களுக்குத்தான்.

டாஸ் புரோகிராம்களை ஓட்டும் என்டிவிடிஎம் என்ற பகுதி 64-பிட் விண்டோஸில் இல்லை. அதனால்தான் டாஸ்பாக்ஸ் தேவைப்படுகிறது. அதில் எல்லாம் ஓடத்தான் செய்கிறது. ஆனால் மாணவர் கற்பது 16-பிட் உலகத்தின் சி.

ஃபேக்டோரியல் பயிற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். டர்போவில் இன்ட் என்ற முழு எண் வகை 16 பிட். 32767-க்கு மேல் கொள்ளாது. 7-க்கு 5040 சரியாக வரும். 8-க்கு 40320 வர வேண்டிய இடத்தில் -25216 வரும். ரெக்கார்ட் நோட்டில் 5-க்கான விடையை மட்டும் எழுதிவிட்டால் இது யார் கண்ணிலும் படாது. அதே புரோகிராம் ஜிசிசி என்ற இன்றைய கம்பைலரில் 12 வரை சரியாகப் போகும்.

இதைவிடக் கெடுதல், நினைவக முகவரியை வைத்திருக்கும் பாயின்டரில். டாஸில் நினைவகப் பாதுகாப்பு கிடையாது. எந்த இடத்தையும் காட்டாத நல் பாயின்டர் வழியாக எழுதினாலும் புரோகிராம் பெரும்பாலும் கடைசிவரை ஓடும். முடியும்போது 'நல் பாயின்டர் அசைன்மென்ட்' என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். லினக்ஸில் அதே தவறு செக்மென்டேஷன் ஃபால்ட்டில் அங்கேயே நின்றுவிடும். தவறு எந்த வரியில் என்று ஜிடிபி என்ற பிழை தேடும் கருவி காட்டிக்கொடுக்கும். பாயின்டர் கற்பிக்க இதுதான் ஏற்ற இடம்.

லேப்பை ஜிசிசிக்கு மாற்றுவது பெரிய வேலையல்ல. கோனியோ ஹெடரையும் கிளியர் ஸ்கிரீன் வரியையும் நீக்குங்கள். விசை அழுத்தும்வரை திரையை நிறுத்திவைக்கும் கெட்ச் வரியையும் எடுத்துவிடலாம், டெர்மினலில் விடை அழியாமல் நிற்கும். அதற்குப் பதில் கெட்சார் போட்டால், ஸ்கேன்எஃப் விட்டுவைத்த என்டரை வாங்கிக்கொண்டு நிற்காமல் போய்விடும். வாய்ட் மெயின், இன்ட் மெயின் ஆகட்டும். சி++ லேப்பில் ஐஓஸ்ட்ரீமின் 'டாட் ஹெச்' போய், நேம்ஸ்பேஸ் ஸ்டாண்டர்ட் வரி வர வேண்டும். டர்போ, 1998 தரத்துக்கு முந்தையது. கம்பைல் செய்யும்போது எச்சரிக்கைகளைக் காட்டும் ஆப்ஷனைக் கட்டாயமாக்குங்கள். கிராஃபிக்ஸ் பயிற்சிகளுக்கான டர்போவின் ஹெடர் ஜிசிசியோடு வருவதில்லை. அவற்றை இப்போதைக்கு டர்போவிலேயே விடலாம்.

டாஸையே ஒழிக்கச் சொல்லவில்லை. 8086 அசெம்பிளியும் டாஸின் சேவைகளை அழைக்கும் இன்டரப்ட் 21ஹெச்சும் கற்பிக்க டாஸ்பாக்ஸ் அருமையான கருவி, மைக்ரோபிராசஸர் லேப்பில் இருக்கட்டும்.

லேப் மேனுவலை மாற்றும்போதே, ஜிசிசியில் எழுதும் மாணவருக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது என்று எக்ஸ்டர்னல் தேர்வாளர்களுக்கு எழுத்தில் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரியில் மென்பொருள் எழுதும் சிலர்