கூஜாவுக்கு, சார்லட்டிலிருந்து

அடியே கூஜா,

முதல்ல திட்டி முடிச்சுடு. காத்திருக்கேன்.

ஆச்சா? சரி. நம்ம ஹாஸ்டல் தோழி டமாரம் செத்துப் போயிட்டான்னு பங்குனியில நீ போன் பண்ணினப்போ "அப்படியா"ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு வெச்சவ நான். அப்புறம் நீ நாலு தடவை கூப்பிட்டும் எடுக்கலை. வேலை, ராத்திரி பகல் மாத்தம்னெல்லாம் சாக்குச் சொல்ல வரலை. எடுத்தா நான் அழுவேன், நீயும் அழுவே, பின்னாலேர்ந்து உங்க வீட்டுக்காரர் "யாரு, அமெரிக்காவா?"ன்னு கேட்பார். அதான்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். பொண்ணு வேலை மாத்தியிருக்கா. இவருக்கு முட்டி வலி. எனக்குக் கொழுப்பு, ரத்தத்துலயும்தான். போதுமா?

இப்போ சொல்ல வந்ததுக்கு வரேன். என் இசைத்தட்டுப் பைத்தியம் உனக்குத் தெரியும். எல்.பி. இருநூறைத் தாண்டிடுச்சு, அதுல பாதி புளூகிராஸ்ங்கற அமெரிக்கக் கிராமத்து இசை. அந்தப் பேரை முதல்ல சொன்னப்போ "என்னடி, அறுகம்புல்லா?"ன்னு கேட்டியே, அதேதான். பாஞ்சோ, ஃபிடில், மாண்டலின், கிட்டார், ஆள் உசரத்துக்கு ஒரு பேஸ். டிரம்ஸ் பொதுவா கிடையாது. ஒருத்தர் முன்னால வந்து கொஞ்சம் வாசிச்சுட்டு ஒதுங்குவார், அடுத்தவர் வருவார். நம்ம ஹாஸ்டல் பாத்ரூம் க்யூ மாதிரி, ஆனா சண்டை இல்லாம.

அதுல ஒரு ஆல்பம். மூணு தட்டு, ஆறு பக்கம். பேரு 'வில் த சர்க்கிள் பி அன்புரோக்கன்', 1972ல வந்தது. யாரோ வீட்டைக் காலி பண்ற விற்பனையில 12 டாலருக்குக் கிடைச்சது. அட்டையில ஒரு மூலை தண்ணி பட்டு ஊதியிருக்கு. பழுப்பு நிறம், நடுவுல தாடி வெச்ச ஒரு பழைய கடற்படைக்காரர் படம், சுத்திலும் கொடி. இவர் பார்த்துட்டு "யாரோட டிகிரி சர்டிஃபிகேட்டை வாங்கிட்டு வந்திருக்கே?"ன்னார்.

நிட்டி கிரிட்டி டர்ட் பேண்டுன்னு கலிஃபோர்னியா பசங்க. தோளைத் தொடற முடி. வியட்நாம் போர் நடக்கற நேரம், முடி நீளத்தை வெச்சே ஆளை எடைபோட்ட காலம். அந்தப் பசங்க 1971 ஆகஸ்டுல நேஷ்வில் போய், உட்லேண்ட் ஸ்டூடியோவுல ஆறே நாள், தாங்க சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளர்ந்த பெரியவங்களை உட்கார வெச்சு வாசிச்சாங்க. இந்த இசைக்கே பேர் கொடுத்தது பில் மன்றோவோட 'புளூ கிராஸ் பாய்ஸ்' குழு. அவர் வர மாட்டேன்னுட்டார். பெரிய பாடகர் ராய் ஏகஃபும் முதல்ல சந்தேகமாத்தான் பார்த்தார். ஸ்டூடியோவுக்கு வந்து டேப்பைக் கேட்டப்புறம்தான் மனசு மாறிச்சு. கல்யாணத்துக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு, பாயசம் சாப்பிட்டதும் சரியாயிட்ட பெரியப்பா மாதிரி.

மேபெல் கார்ட்டர்னு ஒரு அம்மா வராங்க, அப்போ அவங்களுக்கு 62 வயசு. 1927ல, 18 வயசுல, வயித்துல குழந்தையோட பிரிஸ்டல்னு ஒரு ஊருக்குப் போய் முதல் தட்டுக்கு வாசிச்சவங்க. கட்டைவிரலால தடிக் கம்பிகள்ல மெட்டு, மத்த விரலால மேல தாளம். ஒரே கிட்டார்தான், ரெண்டு பேர் வாசிக்கற மாதிரி இருக்கும். 'வைல்ட்வுட் ஃபிளவர்' கேளு. வேகம் ஒண்ணும் இல்லை, வித்தை காட்டறதும் இல்லை. கீரை ஆயற மாதிரி வாசிக்கறாங்க.

எல்லாமே பிடிக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். 'ஆரஞ்சு பிளாசம் ஸ்பெஷல்'னு ஒரு ரயில் பாட்டு, ஃபிடில்ல ரயில் ஓட்டிக் காட்டறது. எனக்கு அது வெறும் சர்க்கஸ். ஜிம்மி மார்ட்டின் குரல் முதல்ல காதைக் கிழிச்சது. முதல் பாட்டே அவரோடது, கேட்டதும் வெங்காய வண்டிதான் ஞாபகம் வந்தது. இப்போ அவர் இல்லாம ஞாயித்துக்கிழமை விடியறதில்லை.

பதிவு பண்ணின விதம் இன்னும் விசேஷம். எல்லாரும் ஒரே அறையில உட்கார்ந்து, நேரா ரெண்டு ட்ராக் டேப்புல பிடிச்சது. அப்புறம் ஒருத்தர் வாசிச்சதை மட்டும் மாத்தறது, உசத்தறது எதுவும் முடியாது. ஏகஃப் அதுல பேசற ஒரு பேச்சு தட்டுலயே இருக்கு: ஒரு பாட்டைப் பாட உட்கார்ந்தா இருக்கறதையெல்லாம் அதுல போட்டுடணும், அப்புறம் இன்னொரு தடவை பாத்துக்கலாம்னு நினைக்கக் கூடாது, ஒவ்வொரு தடவைக்கும் கொஞ்சம் போயிடும்ங்கறார். பேஸ் வாசிச்சவர் ஜூனியர் ஹஸ்கி. அடுத்த மாசமே செத்துப் போயிட்டார், தட்டு வந்ததை அவர் பார்க்கலை. என் பழைய ஸ்பீக்கர்ல அவர் விரல் கம்பியை விடற சத்தமும் மரம் முனகறதும் கேட்கும். பொண்ணு போன்லயே இதைப் போட்டுக் காட்டினா. கேட்டேன், நல்லாத்தான் இருக்கு. மரம் காணோம்.

பாட்டுக்கு முன்னாலயும் பின்னாலயும் இவங்க பேசினதை வெட்டாம விட்டிருக்காங்க. அதுல டாக் வாட்சன், மெர்ல் டிராவிஸ்னு ரெண்டு கிட்டார்க்காரங்க பேசிக்கற ஒரு துண்டு. எனக்கு அது எப்பவும் அலுப்பு. எழுந்து போய் ஊசியைத் தூக்கி அடுத்த பாட்டுல வெச்சுடுவேன்.

நீ போன் பண்ணின வாரம், ஒரு சாயங்காலம் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்தேன். கையெல்லாம் சோப்பு. ஊசியைத் தூக்க முடியலை. அந்தப் பேச்சு ஓடிச்சு, கேட்டேன்.

ரெண்டு பேரும் முதல்முதலா சந்திச்சதே அங்கேதாண்டி. டாக் வாட்சனுக்குக் குழந்தையிலேயே பார்வை போயிடுச்சு, கேட்டதுதான் அவருக்கு எல்லாம். மெர்ல் டிராவிஸ் கிட்டாரைக் கேட்டுக் கேட்டு, ஆளைத் தெரியாமலே பிள்ளைக்கு மெர்ல்னு பேர் வெச்சுட்டார். இருபது வருஷத்துக்கு மேல கழிச்சு நேர்ல சிக்கினதும் அதைச் சொல்றார்: உங்க பேரைத்தான் வெச்சேன், அந்த வாசிப்புல கொஞ்சம் ஒட்டிக்கட்டுமேன்னு. ரெண்டு பேரும் கூச்சப்படறது கேட்குது. அந்தப் பிள்ளை பெரிய கிட்டார்க்காரனா வந்து, 1985ல டிராக்டர் கவிழ்ந்து போயிட்டான். தட்டுல அது எதுவும் தெரியாத அப்பா, பெருமையாப் பேசிக்கிட்டிருக்கார்.

குழாயை மூடக்கூடத் தோணலை எனக்கு. இவர் வந்து மூடினார்.

அதுக்கப்புறம் ஒரு சனிக்கிழமை பூன்ங்கற ஊருக்குப் போனோம், இங்கேர்ந்து ரெண்டு மணி நேரம். கிங் ஸ்ட்ரீட் ஓரத்துல டாக் வாட்சன் கிட்டாரோட பெஞ்சுல உட்கார்ந்திருக்கற மாதிரி வெண்கலச் சிலை. பக்கத்துல இடம் விட்டிருக்கு, யார் வேணாலும் உட்காரலாம். உட்கார்ந்தேன். இவர் போட்டோ எடுத்தார். எனக்கு உன்னைத்தான் நினைப்பு, உன்னையும் அந்தக் காசெட்டையும்.

எந்தக் காசெட்டுன்னு கேட்காதே. 1984, மொட்டை மாடி, சிலோன் ரேடியோ. ரேடியோ பக்கத்துல டேப் ரெக்கார்டரை வெச்சு, மூச்சு விடாம உட்கார்ந்திருப்போம். சரணம் ஆரம்பிக்கறப்போ டமாரம் வந்து "அடியேய், சாம்பார்ல இன்னிக்கு முருங்கைக்காயே இல்லை, மேட்ரன் தின்னுட்டா!"ன்னு கத்துவா. பாட்டே போயிடும். எத்தனை தடவை அவளை அடிக்கத் துரத்தியிருக்கோம்! நீ ஒரு வாரம் அவகிட்ட பேசவே இல்லை.

கூஜா, அந்தப் பாட்டெல்லாம் இப்போ எங்கே வேணாலும் கிடைக்குது. முருங்கைக்காய் அதுல மட்டும்தான் இருக்கு.

உங்க அம்மா வீட்டுப் பரண்ல, ஹார்லிக்ஸ் அட்டைப்பெட்டியில இருக்கணும். மேல டமாரம் கையெழுத்துலயே 'கை வைத்தால் கை இருக்காது'ன்னு எழுதியிருக்கும். கிடைச்சதும் ஆசைப்பட்டு எதுலயாவது போட்டுடாதே. நாடாவுல வெள்ளையாப் பூஞ்சை இருந்தா தொடவே தொடாதே. நாடாவுக்குப் பின்னால குட்டியா ஒரு பஞ்சுத்துண்டு ஒட்டியிருக்கும், அது உதிர்ந்திருக்கான்னு பாரு. உதிர்ந்திருந்தா விஷயம் தெரிஞ்சவங்க கையால மாத்தணும். சரியா இருந்தா பென்சிலை விட்டு மெதுவா இந்தக் கடைசிலேர்ந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒருமுறை சுத்து. அவசரம் வேண்டாம், ராத்திரி பரண்ல ஏறாதே, உன் இடுப்பு இருக்கற நிலைமைக்கு.

கிடைச்சாலும் கிடைக்கலைன்னாலும் கூப்பிடு. எடுக்கறேன்.

குண்டூசி

பி.கு.: தட்டுக்குப் புது ஊசி போட்டேன், 95 டாலர். இவர்கிட்ட 40ன்னு சொல்லி வெச்சிருக்கேன். போன்ல உளறித் தொலைக்காதே.