இடிந்த ஆலயமும் புதிய கான்கிரீட்டும்

ஆசிரியருக்கு வணக்கம். போரில் அழிந்த பங்கு ஆலயங்களை நவீன பாணியில் திரும்பக் கட்டியது தவறு என்ற தொனியில் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1944 செப்டம்பரில் நடந்த குண்டுவீச்சில் பிரான்சின் லு ஆவ்ர் நகரம் தரைமட்டமானபோது, அங்கிருந்த புனித சூசையப்பர் ஆலயமும் போனது. ஒகுஸ்த் பெரே வடிவமைத்து 1957-இல் கட்டி முடிக்கப்பட்ட புதிய ஆலயம் முழுக்கக் கான்கிரீட். கோபுரம் 107 மீட்டர். பழையதை அச்சு மாறாமல் எழுப்பியிருந்தால், அங்கே குண்டு விழுந்ததே பின்னால் வந்தவர்களுக்குத் தெரியாமல் போயிருக்கும். இந்தக் கோபுரமோ மாண்டவர்களின் நினைவுச்சின்னமாகவும் நிற்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அதை நேரில் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், ஏதோ ஆலைப் புகைபோக்கி என்றுதான் நினைத்தேன். அப்புறம் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால், ஆயிரக்கணக்கான வண்ணக் கண்ணாடிகள் வழியே இறங்கிய வெயில் வெறும் கான்கிரீட்டின் மேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கட்டுரையோடு வெளிப்புறப் படங்களை மட்டுமே போட்டிருந்தீர்கள். அடுத்த முறை உட்புறப் படம் ஒன்றையும் சேர்த்து வெளியிடுங்கள். வாசகர்களே பார்த்து முடிவு செய்யட்டும்.