முள்ளோடை தாண்டிப் பிறந்த பிள்ளை யார் கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், கெய்ரோ மக்கள்தொகை மாநாட்டுக்குப் பிந்தைய குடும்ப நலத் திட்டங்களை எடைபோடுவதாகப் புறப்பட்ட கட்டுரையில் ஒரு வரி: ‘கடலூரைவிடப் புதுச்சேரியில் பிறப்பு விகிதம் அதிகம், திட்டம் அங்கே தோற்றுவிட்டது.’ அதே பக்கத்து அட்டவணையில் குடும்பக் கட்டுப்பாட்டு (கு.க.) ஆபரேஷனும் புதுச்சேரியில்தான் அதிகம் என்று போட்டிருக்கிறீர்கள். பிறப்பும் கூடுதல், கருத்தடையும் கூடுதல். கட்டுரையாளர் இதைப் ‘புதிர்’ என்கிறார். கடலூர் பஸ் நிலையத்தில் புதுச்சேரி பஸ் ஏறி உட்கார்ந்திருந்தால், எல்லையிலுள்ள முள்ளோடை தாண்டுவதற்குள் அவருக்கு விடை கிடைத்திருக்கும்.

1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். கடலூர், விழுப்புரம் பக்கத்துப் பெண்கள் ஜிப்மருக்கும் புதுச்சேரியின் மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் பிரசவத்துக்குப் போவது உங்களுக்குத் தெரியாததல்ல. நெல்லிக்குப்பத்துத் தாய்க்குப் பிறந்த பிள்ளை புதுச்சேரிப் பதிவேட்டில் ஏறுகிறது. வகுக்கும்போது மட்டும் கீழே புதுச்சேரி மக்கள்தொகையைப் போடுகிறார்கள். மேலே ஓர் ஊர், கீழே வேறோர் ஊர். பிரசவமான சில நாளில், வீட்டுக்கு அனுப்புமுன்பே கு.க. ஆபரேஷன் செய்துவிட்டால் அதுவும் அங்கேயே ஏறும். பிறப்பும் ஆபரேஷனும் சேர்ந்து உயர்ந்ததற்குக் காரணம் இவ்வளவுதான்.

வசிப்பிடத்தை வைத்து எண்ணும் கணக்கும் நாட்டில் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு வீடு வீடாகப் போய்க் கேட்டது. அதில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் தமிழ்நாட்டில் 1.8, புதுச்சேரியில் 1.5. ‘தோற்றுப்போன’ இடத்தின் எண்தான் குறைவு. கட்டுரையாளர் இதைத் தேடிப்பார்க்கவில்லையா, பார்த்தும் தலைப்புக்குச் சரிவரவில்லை என்று விட்டுவிட்டாரா?

பதிவேட்டையே வைத்துச் சரியாக எண்ணவும் வழி உண்டு. பிறப்பு அறிக்கைப் படிவம் 1-இல் சட்டப் பகுதி, புள்ளியியல் பகுதி என்று இரண்டு. இரண்டாவதில் தாய் வழக்கமாக வசிக்கும் ஊர் எது என்று தனியாகக் கேட்கிறார்கள். அது பிரசவம் நடந்த ஊரிலிருந்து மாறுபடலாம் என்று படிவமே சொல்கிறது. அந்தக் கட்டம் ஒழுங்காக நிரம்பினால், வெளியூர்த் தாய்களைப் பிரித்து அவரவர் மாவட்டத்துக்குத் திருப்பிவிடலாம். நிரம்புவதில்லை. அவசரத்தில் யாரோ ஒரு உறவுக்காரர் வாயில் வந்த முகவரியைச் சொல்வார், எழுதுபவர் எழுதிக்கொள்வார். பெரும்பாலும் அது தாய்வீடு. தலைப்பிரசவம் என்றால் கேட்கவே வேண்டாம். புகுந்த வீட்டு ஊரில், பிள்ளை பெறும் வயதுத் தம்பதிகளைக் குறித்துவைக்கும் ‘தகுதியுள்ள தம்பதியர்’ பதிவேட்டில் பெயர் இருக்கும், ஏழாம் மாதம் தாய்வீட்டு ஊர் நர்ஸம்மாவிடம் புதிய கர்ப்பிணியாக இன்னொரு பதிவு விழும், பிரசவம் மூன்றாவது இடத்தில். கர்ப்பிணிப் பதிவு நூறு சதவீதத்தைத் தாண்டுவது இப்படித்தான். அதைச் சாதனை என்று கொட்டை எழுத்தில் போட்ட இதழும் உங்களுடையதே.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பிக்மி (PICME) எண் இதற்காகவே வந்தது. ஒரு கர்ப்பத்துக்கு ஒரே எண், எந்த ஊருக்குப் போனாலும் அதுவே கூட வரும். ஆனால் முள்ளோடைக்கு அந்தப்பக்கம் நிர்வாகம் வேறு. எண்ணைக் கேட்டு வாங்கி, மாதக் கடைசியில் இரு நிர்வாகத்தின் பட்டியலையும் ஒத்துப்பார்க்க ஆள் இருந்தால்தான் பயன். எந்தத் திட்ட அறிக்கையும் இந்த வேலைக்கு இரண்டு வரி ஒதுக்குவதில்லை.

தாய் மரண விகிதத்தையும் கட்டுரையாளர் இதே வெட்டில் சாய்த்திருக்கிறார். கர்ப்பத்திலோ, அது முடிந்து 42 நாளுக்குள்ளோ கர்ப்பம் சார்ந்த காரணத்தால் நேரும் சாவு, லட்சம் உயிருள்ள பிறப்புக்கு எத்தனை என்பது கணக்கு. ஆண்டுக்குப் பத்தாயிரம் பிரசவம் உள்ள இடத்தில் ஒரே ஒரு சாவு கூடினால் விகிதம் பத்து ஏறும். அந்த ஒருத்தியும் பண்ருட்டிப் பக்கம் உதிரப்போக்கு நிற்காமல் கடைசி நேரத்தில் புதுச்சேரிக்கு அனுப்பப்பட்டவளாக இருக்கலாம். கடைசியாக ஏற்றுக்கொண்ட ஆஸ்பத்திரியின் தலையில் பழியைப் போட்டால், நாளைக்கு எவரும் சிக்கலான கேஸை ஏற்கத் தயங்குவார்கள். சின்ன இடங்களுக்கு மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இதுவே முதல் முறை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். முன்பொரு முறை, ‘தம்பதிப் பாதுகாப்பு ஆண்டு’ என்பதைத் தடுக்கப்பட்ட பிறப்பு என்றே அச்சிட்டீர்கள். அது, கொடுத்த கருத்தடைப் பொருளை வைத்துப் போடும் கணக்கு: 120 ஆணுறை, அல்லது 15 மாத மாத்திரைச் சுற்று, அல்லது மூன்று மாதத்துக்கொரு ஊசி வீதம் நான்கு போட்டால் ஓர் ஆண்டு. பத்து ஆண்டு வேலை செய்யும் காப்பர்-டி 380ஏ-க்கு 4.6 ஆண்டுதான் போடுவார்கள்; பாதியில் எடுத்துவிடுவோரையும் சேர்த்த சராசரி அது. ஓர் ஆண்டு பாதுகாப்பு என்றால் ஒரு பிள்ளை குறைந்தது என்று பொருளில்லை; கருத்தடை இல்லாத பெண்ணும் ஆண்டுக்கொரு பிள்ளை பெறுவதில்லையே! மாத்திரை அலமாரியில் காலாவதியாகிக் கிடந்தாலும் இந்தக் கணக்கு ஏறிக்கொண்டே போகும் என்பது வேறு கதை.

மாவட்ட எண்கள் இரண்டு புள்ளி இறங்கியதும் ‘சரிவு’ என்கிறீர்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் மாவட்டத்துக்குச் சுமார் 900 வீடுகள்தான். அதில் நாலு புள்ளி இப்படியோ அப்படியோ போவது மாதிரிக் கணக்கெடுப்பின் இயல்பு. 2025 பிப்ரவரியில் அமெரிக்கா பணத்தை நிறுத்த, 1984 முதல் 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் இதே வகைக் கணக்கெடுப்புக்குத் துணைநின்ற உலகத் திட்டம் முடங்கியது. அளவுகோலே பறிபோன அந்தச் செய்திக்கு உங்கள் இதழில் ஒரு பத்தி இடமில்லை. கெய்ரோவில் 179 நாடுகள் 1994-இல் ஒத்துக்கொண்டதும், இத்தனை பேருக்குக் கருத்தடை என்று இலக்கு வைக்கும் முறையை இந்தியா 1996-இல் கைவிட்டதும், ஆள்கணக்கை மட்டும் பார்ப்பது போதாது என்பதால்தான். நீங்கள் இன்னும் எந்த ஊர் முதலிடம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அந்த அட்டவணையை மறுபடி போட்டு, அடியில் ‘பிறப்பும் அறுவைச் சிகிச்சையும் நடந்த இடப்படி, வசிப்பிடப்படி அல்ல’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். எழுத்து அளவு, தயவுசெய்து, கண்ணாடி இல்லாமல் படிக்கும்படி இருக்கட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.